ஐடிலிங் நிலையாக நிற்காத பழைய எம்பிஎஃப்ஐ கார்: கோளாறை எங்கிருந்து தேடத் தொடங்குவது

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வளைவில் கிளட்சை மிதித்தால் வண்டி ஆஃப் ஆகிறது. கீழே சேலத்துக்கு வந்து அஸ்தம்பட்டியில் நின்றால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே ரேஸ், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறி ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் உதறுகிறது. 2000-க்குப் பிறகு வந்த மாருதி 800, ஆல்டோ, வேகன்ஆர், ஆம்னி, சான்ட்ரோ என்று பழைய எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும் வண்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இந்த ஐடிலிங் தொல்லை, அதாவது கால் எடுத்த பிறகு எஞ்சின் நிதானமாக ஓடாத தொல்லை, என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் காசு அதிகம் பிடிக்காத ஏதோ ஒன்றுதான். ஆனால் தேடுகிற வரிசை தவறினால், நல்ல சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்குவதில் போய் முடியும்.

பட்டறையில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, ஐடிலிங் நிக்க மாட்டேங்குதுங்க."

"ரேஸ் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி உட்டர்றேன், சரியாயிடுங்க."

இந்த இடத்தில் தயங்காமல், "வேண்டாங்கண்ணா, அத மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் அந்த ஸ்க்ரூதான் ஐடிலிங்கை வைப்பது. எம்பிஎஃப்ஐ வண்டியில், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தட்டு சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியில் அளந்து வைத்த தடுப்பு அது. பல வண்டிகளில் அதன் மேல் பெயின்ட் அடித்தே அனுப்பியிருப்பார்கள். அதைத் திருகினால் அப்போதைக்கு வண்டி ஆஃப் ஆகாது, உண்மைதான். ஆனால் மூடியிருக்கும் த்ராட்டிலின் நிலை மாறிவிடும். 'கால் எடுத்தாயிற்று' என்று, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் புரியாமல் போகும். முதலில் இருந்த கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

காற்றுதான் கணக்கு

கால் எடுத்ததும் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. எஞ்சின் ஓடத் தேவையான காற்று, தட்டின் ஓரத்து இடுக்கு வழியாகவும், பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய மாற்று வழியாகவும் போகிறது. அந்த மாற்று வழியில் உட்கார்ந்திருப்பதுதான் ஐடில் கண்ட்ரோல் வால்வு, பட்டறை வழக்கில் ஐஏசி வால்வு. ஏசி போட்டாலும் ஹெட்லைட் போட்டாலும் ரேடியேட்டர் ஃபேன் ஓடினாலும் எஞ்சினுக்குச் சுமை கூடும். ஈசியூ இந்த வால்வைக் கொஞ்சம் திறந்து கூடுதல் காற்று கொடுத்து அதைச் சமாளிக்கும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை இந்தச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் மேப் சென்சார்தான் சொல்கிறது. த்ராட்டிலைத் தாண்டிய காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அது அளக்கிறது, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் விடுகிறது.

இப்போது ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டு வழியில் உள்ளே வருகிறது என்று வையுங்கள். மேனிஃபோல்டில் அழுத்தம் கூடும், மேப் சென்சார் அதைச் சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், ரேஸ் ஏறும். ஈசியூ ஐஏசி வால்வை முழுக்க மூடிப் பார்க்கும். அப்படியும் ரேஸ் இறங்கவில்லை என்றால், 'த்ராட்டில் மூடியிருக்கிறது, எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, அப்படியானால் வண்டி இறக்கத்தில் போகிறது' என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலையே நிறுத்தும். ரேஸ் விழும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்ததும் மறுபடி பெட்ரோல் விடும். மறுபடி ஏறும். நின்ற இடத்தில் வண்டி மூச்சு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். ஈசியூ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

பானெட்டைத் திறப்பதற்கு முன்

எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? ஏசி போட்டாலா? ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலா? பிரேக்கை மிதித்தாலா? இந்தத் தாளை மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் வேலையில் பாதி குறையும்.

ரேஸ் ஏறி ஏறி இறங்கினால் காற்று லீக்கையோ, கூலன்ட் குறைவையோ சந்தேகப்படுங்கள். 1500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) மேல் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டதா, பெரிய லீக்கா என்று பாருங்கள். ரேஸ் சரியாகவே இருந்து வண்டி மட்டும் உதறினால் அது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக், ஒயர், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். ரேஸ் தாழ்ந்து தாழ்ந்து ஆஃப் ஆனால் முதல் சந்தேகம் த்ராட்டில் பாடி அழுக்கின் மேல். உங்கள் வண்டியின் சரியான ஐடில் அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். இந்த வகை வண்டிகளில் பொதுவாக 750-க்கும் 900-க்கும் இடையில் இருக்கும், ஏசி போட்டால் சற்று ஏறும்.

செக் எஞ்சின் லைட் எரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எரியவில்லை என்பதால் சென்சார் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒயர் அறுந்தால் லைட் வரும். சென்சார் பொய் சொன்னால் வராமலும் போகலாம். இன்னொன்று, ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் 2010-க்கு முந்தைய பல இந்திய வண்டிகளோடு பேசவே பேசாது. வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி, எர்த், ஏர் ஃபில்டர்

இதில் நேரம் செலவழிக்க ஒன்றும் இல்லை. ஆனால் தாண்டியும் போகக் கூடாது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் விட்டுச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் ஒயர் துரு இல்லாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் பக்கம், லாரி போகும் புழுதி ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டி என்றால் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். எஸ்டேட் ஷெட்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியாக இருந்தால் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரையும் குழாயையும் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கூலன்ட் அளவை எஞ்சின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கூலன்ட் குறைந்தால் டெம்பரேச்சர் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இருக்காது. எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று அது சொல்லும். சில வண்டிகளில் குளிர் நேரத்தில் கூடுதல் காற்று விடும் மெழுகு வால்வு ஒன்று கூலன்ட் சூட்டில்தான் மூடும். சூடான கூலன்ட் அங்கே போகவில்லை என்றால் அது திறந்தபடியே இருக்கும்.

திருட்டுக் காற்றைப் பிடிப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சட்டைக் கையை மடக்கி விட்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நில்லுங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு முதலில் காதால் கேளுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' சத்தம் எங்கிருந்தாவது வந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மூன்று அடி நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயை வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனால் இடம் துல்லியமாகத் தெரியும்.

அடுத்து, ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து, மேனிஃபோல்ட் கேஸ்கெட் விளிம்பிலும் குழாய் முனைகளிலும் இன்ஜெக்டரின் அடி ரப்பரிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், ஒரு நொடி ரேஸ் மாறும். சிலர் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில், பழைய பிளக் ஒயர் பக்கத்தில், அது தீயோடு விளையாடுவதுதான். தயவுசெய்து வேண்டாம்.

பிறகு மேனிஃபோல்டில் இருந்து கிளம்பும் குழாய்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய ப்ளையரால் மெதுவாக அழுத்தி அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் ஐடிலிங் ஒழுங்காகிறதோ, கோளாறு அந்த வழியில். எஞ்சினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் 'டிக் டிக்' என்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால் எண்ணெய்ப் பிசுக்கில் மாட்டிக்கொண்டது. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சிறிய வேக்கம் (வெற்றிட) குழாயை உருவி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் அதிகம், பழைய வண்டியின் ரப்பர் அதற்கென்று செய்ததில்லை. பெட்ரோல் குழாய்களையும் வேக்கம் குழாய்களையும் வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

மிதியை லேசாக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயைத் தனியாகச் சோதிக்க வேண்டும், ஏற்காடு ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஐடிலில் பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். ஒரு கணம் ரேஸ் மாறித் திரும்பினால் சரி. மிதித்திருக்கும் வரை ரேஸ் மாறியே நின்று, பெடல் பக்கம் காற்றுச் சத்தமும் கேட்டால் பூஸ்டரில் ஓட்டை. அடுத்த சோதனை: எஞ்சினை அணைத்து, பெடல் கல்லாக ஆகும்வரை பல முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் மலை ஏறவே ஏறாதீர்கள்.

த்ராட்டில் பாடி

லீக் இல்லை என்று உறுதியான பிறகு இதைக் கையில் எடுங்கள். எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் தடித்த ரப்பர் பைப்பைக் கழற்றினால் பித்தளை நிறத் தட்டு தெரியும். தட்டைத் திறந்து பின்பக்க விளிம்பையும் அது உட்காரும் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தோசைக்கல் ஓரத்தில் படிந்த கரியைப் போல ஒரு கறுப்பு வளையம் இருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். ஐடிலுக்குக் காற்று போகும் இடுக்கே ஒரு மயிரிழை அளவுதான், அதில் இந்தக் கரி படிந்தால் வழியே அடைந்துபோகும். ஈசியூ ஐஏசி வால்வைக் கூடுதலாகத் திறந்து திறந்து பல மாதம் சமாளித்துக்கொண்டே வரும். இனித் திறக்க இடமில்லை என்ற நிலை வரும்போதுதான் கோளாறு வெளியே தெரியும்.

த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். பாடிக்குள் நேராகப் பீய்ச்சி அடித்தால் பக்கத்தில் இருக்கும் த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் இறங்கிவிடும். சாண்ட் பேப்பர், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டைக் கையால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல் சக்கரம் உடையலாம். ஐஏசி வால்வைக் கழற்றினால் அதன் ஓ-ரிங்கைப் பத்திரமாக வைத்து, கூம்பு முனையையும் அது உட்காரும் துளையையும் சுத்தம் செய்யுங்கள். முனையைப் பிடித்து இழுக்கவோ அமுக்கவோ வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

துடைத்து முடித்ததும் ரேஸ் தாறுமாறாக ஏறினால் பயப்படாதீர்கள். அடைப்பு இருந்த காலத்துக் கணக்கை ஈசியூ இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். அப்புறம் ஏசி போட்டுச் சில நிமிடம். பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு இது போதும். ஸ்டீரியோவுக்கு கோட் கேட்கும் வண்டியாக இருந்தால் கோட் கையில் இல்லாமல் பேட்டரியைக் கழற்ற வேண்டாம்.

மூடுபனியில் மட்டும் மிஸ்ஸிங் என்றால்

சேலத்தில் நன்றாக ஓடி, ஏற்காட்டில் விடியற்காலை மூடுபனியில் மட்டும் உதறுகிறதா? பிளக் ஒயர்களையும், பிளக்குக்கு உயர் மின்சாரம் தரும் காயிலையும் பாருங்கள். பழைய ஒயரின் தோலில் நுண்ணிய வெடிப்பு இருக்கும். ஈரம் பட்டால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சின் ஓடும்போது ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனி போலத் தூவுங்கள், நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். அப்போது கையால் எதையும் தொடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றும்போது எந்தச் சிலிண்டருடையது எது என்று வரிசை மாறாமல் வையுங்கள். வெளிர் பழுப்பு நல்ல நிறம். ஒன்று மட்டும் கறுத்து நனைந்திருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

கேஸ் கிட் போட்ட ஆம்னி என்றால் பெட்ரோலில் ஒரு முறை, கேஸில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தொல்லை என்றால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

சென்சார்களை அளக்க மலை உதவும்

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. மேப் சென்சார் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், மேப் சென்சாரின் சிக்னல் ஒயரில் வோல்ட்டை அளந்து எழுதுங்கள். பல வண்டிகளில் சேலத்தில் மூன்றரைக்கும் நான்குக்கும் அருகில் காட்டும். ஏற்காட்டில் போய் அதே அளவை எடுத்தால் சுமார் அரை வோல்ட் குறைந்திருக்க வேண்டும். துளியும் மாறவில்லை என்றால் சென்சாரை நம்பாதீர்கள். வேக்கம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். சேலத்தில் 18 அங்குலம் (பாதரச அளவு) காட்டிய நல்ல எஞ்சின் ஏற்காட்டில் 14 அருகில்தான் காட்டும், அது கோளாறு இல்லை.

சில ஈசியூக்கள் சாவி போடும் அந்த நேரத்தில்தான் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும். அடிவாரத்திலிருந்து நிற்காமல் ஏறி, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் வந்து நிற்கும்போது ஐடிலிங் சற்று மாறினால், ஓரமாக நிறுத்தி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அதில் சரியானால் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

டெம்பரேச்சர் சென்சாரை ஓம் மீட்டரில் பாருங்கள். 20 டிகிரி அளவில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம், எஞ்சின் சூடானதும் சில நூறு ஓம் என்பது பொதுவான அளவு. த்ராட்டில் பொசிஷன் சென்சார் கால் எடுத்த நிலையில் அரை வோல்ட் அருகே காட்டி, மெதுவாகத் திறக்கத் திறக்கத் தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். நடுவில் முள் குதித்தால் மாற்ற வேண்டியதுதான். ஆக்ஸிஜன் சென்சாருக்குக் கடைசியில்தான் வாருங்கள். ஐடிலிங் என்றதும் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வார்கள், விலையும் அதிகம்.

இறக்கத்தில் ஆஃப் ஆகிறது என்றால்

இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளை கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை நிறுத்தியிருக்கும். வளைவில் கிளட்சை மிதித்ததும் ரேஸ் சட்டென்று விழும். அந்தக் கணத்தில் பெட்ரோலும் திரும்ப வர வேண்டும், ஐஏசி வால்வும் காற்றைத் திறந்து எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கரி படிந்த வால்வு மெதுவாக அசைந்தால் பிடி நழுவி வண்டி ஆஃப் ஆகும். பவர் ஸ்டியரிங் உடனே கனத்துவிடும். பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்கம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அப்படி நடந்தால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வண்டி கியரில் இருந்தால் கிளட்சை விட்டாலே சக்கரம் எஞ்சினைச் சுற்ற வைத்துவிடும். இந்த அறிகுறி ஒரு முறை தெரிந்த வண்டியைச் சரிசெய்யும்வரை ஏற்காட்டின் இன்னொரு பாதையான குப்பனூர் வழியிலும் இறக்க வேண்டாம், அதுவும் மலை ரோடுதான்.

சரிசெய்த பிறகு முதல் ஓட்டம் சமதளத்திலேயே இருக்கட்டும். கோரிமேடு வரை போய், மூன்றாவது கியரில் வேகத்தைக் கூட்டிக் கால் எடுத்து, வேகம் இறங்கியதும் கிளட்சை மிதியுங்கள். ரேஸ் ஒரு தரம் தாழ்ந்து உடனே தன் இடத்துக்கு வர வேண்டும். ஏசி போட்டும் ஹெட்லைட் போட்டும் இதையே செய்து பாருங்கள். எல்லாவற்றிலும் தாங்கினால் முதல் இரண்டு மூன்று வளைவு வரை ஏறித் திரும்பி வாருங்கள், அப்புறம் முழு மலை.

இவ்வளவும் பார்த்தும் உதறல் நிற்கவில்லை என்றால் பெட்ரோல் பிரஷரையும் இன்ஜெக்டரையும் பட்டறையில் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். கூடவே கம்ப்ரஷனும் (சிலிண்டர் அழுத்தம்), வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியும். கேஸில் அதிகம் ஓடிய எஞ்சினில் எக்ஸாஸ்ட் டாப்பெட் இறுகிப்போய், வால்வு முழுக்க மூடாமல் உதறுவது அடிக்கடி நடக்கும். அதுவும் சரி என்றால் மட்டும் ஈசியூவைக் கழற்றலாம். அதற்கு முன் 'ஈசியூ போச்சு' என்று யார் சொன்னாலும், எதை அளந்து சொல்கிறீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.